கலைச்சொல் விவாதம்: ரிப்ரெஷன் - ஒடுக்கமா, உள்ளொதுக்கமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உளப்பகுப்பாய்வு அறிமுகப் பாடத்தின் சொற்பட்டியலில் நனவு, நனவிலி (நாம் அறியாத மனப்பகுதி), கனவு வேலை வரை இணக்கம் வந்துவிட்டது. ரிப்ரெஷன் மட்டும் நிற்கிறது. வரைவுகளில் ஓர் இயலில் ஒடுக்கம், இன்னொன்றில் அடக்குதல், மூன்றாவதில் அமுக்கம் என்று இருக்கிறது. சப்ரெஷனுக்கும் அதே அடக்குதலைப் போட்டிருப்பதுதான் பெரிய சிக்கல். இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டால் பாடத்தின் அடித்தளமே போய்விடும்.

வேறுபாட்டை ஒருமுறை தெளிவாக வைத்துவிடுகிறேன். நாளை தேர்வு. வீட்டில் நடந்த சண்டையை இப்போது நினைக்க வேண்டாம் என்று ஒரு மாணவி தள்ளிவைக்கிறாள். எதைத் தள்ளிவைத்தாள் என்று அவளுக்குத் தெரியும். தேர்வு முடிந்ததும் எடுத்துப் பார்ப்பாள். இது சப்ரெஷன். ரிப்ரெஷனில் தள்ளப்பட்டது எது என்பதும் தெரியாது, தள்ளியதும் தெரியாது. பிராயரும், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டும் 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளில் வரும் எலிசபெத் ஃபான் ஆர். என்ற நோயாளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தொடையில் வலி, நிற்கவும் நடக்கவும் சிரமம். அக்காள் இறந்து கிடந்த படுக்கையருகே நின்றபோது, அக்காள் கணவர் இனித் தன்னை மணக்கலாம் என்று மின்னலாய் ஓர் எண்ணம் வந்து போயிருக்கிறது. அதை அவளுடைய மனசாட்சி ஏற்கவில்லை. எண்ணம் நனவை விட்டுப் போயிற்று, வலி தங்கிவிட்டது.

என் முன்மொழிவு உள்மறைப்பு. ‘மறைப்பேன்மன் காமத்தை யானோ’ என்று தொடங்கும் குறளில் (1253), அது குறிப்பின்றித் தும்மல்போல் தோன்றிவிடும் என்கிறாள் தலைவி. மறைத்தது அறிகுறியாய்த் திரும்புவதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? கருத்துகளை எழுதுங்கள்.

* * *

வணக்கம் அம்மா.

தும்மல் உவமை பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் திரும்பிவரும் பகுதிக்கு மட்டும். முதற்பகுதியில் மறைப்பவள் தானே என்று அவளே சொல்கிறாள். எதை மறைக்கிறாள், யாரிடமிருந்து மறைக்கிறாள் எல்லாம் அவளுக்குத் தெரிகிறது. நீங்கள் பிரித்துக் காட்டியபடியே பார்த்தால் அது சப்ரெஷன் பக்கம் போய்விடுகிறது. தவிர, மறைப்பு என்றதும் பிறரிடமிருந்து மறைப்பது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

நம்மிடம் புழங்கும் சொற்கள் எல்லாமே ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘ப்ரெஸ்’ஸைப் பிடித்துக்கொண்டு வந்தவை. அழுத்து, அமுக்கு, அடக்கு, ஒடுக்கு: நான்கிலும் விசை மேலிருந்து கீழே இறங்குகிறது. பிராய்ட் எழுதிய ஜெர்மன் சொல் ஃபெர்ட்ரேங்குங். அதற்குள் இருக்கும் ட்ரேங்கன், நெரிசலில் முண்டித் தள்ளுவது. கப்பல் தன் எடைக்கு ஈடான நீரை விலக்குவதற்கும் ஜெர்மனில் இதே சொல்தான். ஆக, விசை பக்கவாட்டில் போகிறது. ரிப்ரெஷன் பற்றிய 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் தரும் விளக்கமும் அப்படியே: நனவை அண்டவிடாமல் திருப்பியனுப்பி, எட்டவே வைத்திருத்தல்.

1909இல் மாசசூசெட்ஸின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் பேசியபோது அவர் சொன்ன உவமையை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. சொற்பொழிவு நடக்கும் கூடத்தில் ஒருவன் சிரித்து, பேசி, காலைத் தேய்த்து இடையூறு செய்கிறான். சிலர் எழுந்து அவனை வெளியே தள்ளிவிட்டு, திரும்பி வராதபடி நாற்காலிகளைக் கதவோரம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். அவனோ வெளியே நின்று கதவை இடிக்கிறான். நாம் தேடும் சொல் சுமக்க வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. தள்ளப்பட்டவன் அழியவில்லை, கதவருகேதான் நிற்கிறான். காவல் இருப்பவர்கள் எழுந்தால் உள்ளே வந்துவிடுவான். மாணவர்கள் தவறவிடுவது இந்தக் காவலைத்தான். ரிப்ரெஷன் ஒருமுறை நடந்து முடிந்துபோவதில்லை. ஓயாமல் விசை செலவாகிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அது தளர்வதால்தான் கனவுக்கு வழி கிடைக்கிறது.

இனிச் சொற்கள். ஒடுக்கம் ஏற்கெனவே பல துறைகளில் குடியேறிவிட்டது. வேதியியலில் ஆக்சிஜனேற்றத்துக்கு மறுதலை ஒடுக்கம். உயிரியலில் ஒடுக்கற்பிரிவு. சைவ சித்தாந்தத்தில் உலகம் இறைவனிடம் ஒடுங்குகிறது. இவற்றையெல்லாம் சூழலை வைத்துப் பிரித்துவிடலாம். ஒடுக்குமுறை என்ற அரசியல் சொல்லைப் பிரிக்க முடியாது. சமூகம் பாலுணர்வை ஒடுக்குகிறது என்று எழுதிவிட்டு, பிராய்ட் சொன்னது இதுதான் என்று முடித்துவிடும் பிழைக்கு இந்தச் சொல்லே வாசலைத் திறந்து வைக்கிறது. அடக்கம் நமக்கு ஒரு நற்பண்பு. நனவகற்றல் என்று ஒரு வரைவில் கண்டேன். நனவை அகற்றல் என்று விரித்தால் மயக்க மருந்து கொடுப்பதாகிவிடும். விலக்கம் நல்ல சொல்தான், ஆனால் மாதவிலக்கு, மதுவிலக்கு என்று அதில் தடையின் சாயல் ஏறிவிட்டது. புறந்தள்ளல் என்றால் பொருட்படுத்தாமை.

என் பரிந்துரை உள்ளொதுக்கம். ஒதுக்குவது பக்கவாட்டில் தள்ளுவது. ஊர் ஒதுக்கிவைத்த குடும்பம் ஊர் விளிம்பில்தான் இருக்கும், காணாமல் போய்விடாது. ‘உள்’ சேர்வதால், தள்ளுவதும் மனத்துக்குள், தள்ளப்பட்டது கிடப்பதும் மனத்துக்குள் என்பது விளங்கிவிடும்.

கலைச்சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 1915 கட்டுரை எடுத்துக்கொள்ளும் மூன்று நோய்களில் ஓட்டிப் பார்த்தேன்.

அச்ச ஹிஸ்டீரியா (ஓநாயைக் கண்டு அஞ்சும் நோயாளி): ‘தந்தையை நோக்கிய வேட்கை உள்ளொதுக்கப்பட்டு, அவர் இருந்த இடத்தில் ஓநாய் வந்து உட்கார்கிறது; வேட்கையின் விசை பதற்றமாகிறது.’

உடல்வழி ஹிஸ்டீரியா: ‘உள்ளொதுக்கிய எண்ணத்தின் உணர்வு உடலுக்குள் பாய்ந்து வலியாகவோ செயலிழப்பாகவோ நிற்கிறது, நோயாளி அதைப் பற்றிக் கவலையே இல்லாமலும் இருக்கலாம்.’

கட்டாய நரம்புத்தளர்வு (அப்செஷனல் நியூரோசிஸ்): ‘அன்புக்குரியவர்மீது எழும் வெறுப்பு உள்ளொதுக்கப்பட்டு, மிகையான மனசாட்சி முளைக்கிறது, உள்ளொதுக்கம் தளரும்போது அந்த வெறுப்பு ஓயாத தன்பழிப்பாய்த் திரும்புகிறது.’

மூன்றிலும் சொல் இடறவில்லை. முதல் வாக்கியத்தில் ‘வேட்கை ஒடுக்கப்பட்டு’ என்று மாற்றிப் படியுங்கள், வெளியே இருந்து யாரோ அடித்து அடக்கியதாகத் தொனிக்கும்.

நோய்ப் பெயர்கள் பிராய்ட் காலத்தவை என்று அங்கேயே ஒரு வரி போட வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு நரம்புத்தளர்வு என்ற தொகுப்பையே கைவிட்டுவிட்டது. மாணவர் இந்தப் பெயர்களை இன்றைய நோயறிதல் என்று எடுத்துக்கொண்டால் பிழை நம்முடையது.

* * *

இலங்கைப் பாடநூல்களோடு பழகியவர்கள் சார்பில் ஒரு குறிப்பு. எங்களுக்கு அமுக்கம் என்றால் ப்ரெஷர்: குருதியமுக்கம், வளிமண்டல அமுக்கம், தாழமுக்கம். உளவியலில் அது வேண்டவே வேண்டாம். உள்ளொதுக்கத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் புதைப்பு என்று ஒருவரும் சொல்லவில்லையே? மண்ணைத் தோண்டிப் பழையதை எடுக்கும் உவமையைப் பிராய்டே கையாண்டிருக்கிறார்.

* * *

டாக்டர், உங்கள் மடலுக்கு நன்றி. உள்மறைப்பை விட்டுவிடுகிறேன். உள்ளொதுக்கத்தின் மீது மூன்று கேள்விகள்.

ஒதுக்கு என்பது செய்பவர் அறிந்து செய்யும் வினை. அறியாமல் நடப்பது அதில் எங்கே?

ஒதுக்கம், ஒடுக்கம் இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான். அச்சில் உள்ளொடுக்கம் என்று வந்துவிட்டால் மெய்ப்பு பார்ப்பவருக்குப் பிழை என்றே தெரியாது.

‘உள்ளொதுக்கப்பட்டவற்றின் மீள்வரவு’ என்று வகுப்பில் நான்கு முறை சொன்னால் நாக்கு களைத்துவிடும்.

கிரீந்திரசேகர் போஸைப் பற்றிய பெட்டிச் செய்தியிலும் இந்தச் சொல் பொருந்துமா என்று பாருங்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அவர் 1921இல் அளித்த ஆய்வேடே இந்தக் கருத்தைப் பற்றியதுதான். மறு ஆண்டு இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார்.

* * *

வணக்கம் அம்மா. கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

போஸுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிர் விருப்பம் ஒன்று உண்டு, ஒன்று முன்னால் நிற்கும்போது மற்றது நனவுக்கு வரமுடியாமல் போகிறது என்பது அவர் கருத்து. அங்கே ஒன்று மற்றதை ஒதுக்குகிறது என்றால் படம் தெளிவாக விழுகிறது.

நீளத்துக்கு வழி இருக்கிறது. ‘படு’ இல்லாமல் ‘உள்ளொதுக்கியதன் மீள்வரவு’ என்றால் போதும். ஒரே பத்தியில் மறுபடி வரும்போது ‘ஒதுக்கியது’ என்றே எழுதலாம். முதல் முறை மட்டும் முழுச்சொல்.

ஓர் எழுத்துப் பிழை நேரவே செய்யும். ஆகவே பாடம் முழுக்க ஒடுக்கம் என்ற சொல்லை எந்தப் பொருளிலும் பயன்படுத்த வேண்டாம். ஒடுக்குமுறை வேண்டிய இடத்தில் அடக்குமுறை போடலாம். அச்சுக்கு முன் ‘ஒடுக்’, ‘ளொடுக்’ இரண்டையும் கோப்பில் தேடினால், அகப்படுவதெல்லாம் பிழை என்று திருத்திவிடலாம்.

முதல் கேள்விதான் கனமானது. யார் ஒதுக்குகிறார்? பிராய்டையும் இந்தக் கேள்வி விடவில்லை. சிகிச்சையில் நோயாளி பேச்சை நிறுத்திவிடுகிறார், தான் தடுப்பதை அவர் அறியவில்லை. தடுப்பது ‘நான்’ என்ற பகுதி என்றால், அதிலும் ஒரு பங்கு நனவிலியாக இருந்தாக வேண்டும். நனவு, நனவிலி என்ற பிரிவு மட்டும் போதாது என்று 1923இல் அது, நான், மேல்நான் (இட், ஈகோ, சூப்பர்ஈகோ) என்ற அமைப்பை அவர் கொண்டுவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகையால் செய்பவரைக் கேட்கவைக்கும் வினையே நமக்கு நல்லது. உள்ளொதுங்கல் என்று தன்வினையாக்கினால், எண்ணம் தானாக ஓரம் போனதாகிவிடும், தள்ளும் விசை மறைந்துவிடும். அறியாமல் நடப்பதை விளக்கத்தில் முதல் சொல்லாக வைப்போம்.

1926இல் அவர் தன் பழைய கருத்தைத் திருப்பிப்போட்டதையும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஒதுக்குவதால் பதற்றம் பிறக்கிறது என்று முன்பு எழுதியவர், பதற்றம் முதலில் எழுவதால்தான் ஒதுக்கம் நடக்கிறது என்றார். மேலே நான் எழுதிய ஓநாய் வாக்கியம் பழைய கருத்தின்படியானது. ஆண்டு போடாமல் அச்சிட்டால் மாணவர் குழம்புவார்.

இலங்கை நண்பருக்கு: புதைப்பை நான் வேண்டுமென்றே விட்டேன். புதைத்தது சிதையாமல் அப்படியே கிடக்கும், தோண்டினால் முழுதாய்க் கிடைக்கும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் விதைத்துவிடும். 1990களில் அமெரிக்காவில் ‘மீட்டெடுத்த நினைவுகள்’ என்ற பெயரில் குடும்பங்கள் நீதிமன்றம் வரை போனதற்கு இந்த எண்ணமும் துணைநின்றது. எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவீதியில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு நிகழ்ச்சியை 24 பேரிடம் சொன்னார்கள். 6 பேர் அதை முழுதாகவோ ஓரளவோ நினைவிருப்பதாக ஏற்றார்கள். தோண்டும்போது புதிதாகவும் உருவாகக்கூடும் என்பதை மறைக்கும் சொல் நமக்கு வேண்டாம்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

உள்ளொதுக்கம் - தானறியாமல், ஏற்கவொண்ணாத எண்ணத்தை நனவிலிருந்து தள்ளி, ஓயாத விசையால் எட்ட வைத்திருத்தல். வினை: உள்ளொதுக்கு. மூல உள்ளொதுக்கம் (முதற்கட்டத்தில் நடப்பது), உள்ளொதுக்கியதன் மீள்வரவு.

அடக்கல் - அறிந்தே ஓர் எண்ணத்தையோ உணர்வையோ தள்ளிவைத்தல். சப்ரெஷனுக்கு மட்டும்.

ஒப்பாமை - பிராய்டின் ஜெர்மன் சொல் ஃபெர்லாய்க்னுங். கண்முன் உள்ள புற உண்மையை ஏற்க மறுத்தல்.

மூன்றாவதில்தான் எனக்கு உறுதி போதவில்லை. 1927இல் ஃபெட்டிஷ் (பாலுணர்வு போய்ப் பதியும் பொருள்) பற்றிய கட்டுரையில் பிராய்ட் இதை உள்ளொதுக்கத்திலிருந்து பிரித்துக் காட்டுகிறார். அங்கே ஒரே ஆள் உண்மையை ஏற்கவும் செய்கிறார், மறுக்கவும் செய்கிறார். ஒப்பாமை என்றால் மறுத்த பாதி மட்டும் தெரிகிறது. இரண்டு பாதியும் தெரியும்படி ஒரு சொல் கிடைக்குமா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் அம்மா, அதற்குள் மற்ற இரண்டையும் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.