முதலில் ஓட்டையைப் பாருங்கள்: கண்ணாடி மணியோடு பழகியவர்கள் புனைபெயரில் எழுதிய அனுபவங்கள்

பாளைப்பாசி

குலசேகரன்பட்டினம் தசராவின்போது, முத்தாரம்மன் கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகும் வழியில் தார்ப்பாய் விரித்துப் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார் ஒரு நரிக்குறவப் பெண்மணி. நான் ஆசையாகக் கையில் எடுத்த நீலச் சரத்தை அவர் திரும்ப வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை நீட்டினார். அப்போது நான் திருநெல்வேலி டவுனில் கண்ணாடி மணிகளை எடைக்கு வாங்கி, கியர் வயரில் கோத்து, கொக்கியும் வளையமும் மாட்டித் தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தேன். மணியைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே இருந்தது. “நிறம் நல்லாத்தாம்மா இருக்கு, ஓட்டை நல்லா இல்ல” என்றார் அவர். நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். தங்கூசி எனப்படும் நைலான் நரம்பில் ஒரு துண்டை அந்த நீல மணிக்குள் விட்டு, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, இருபது முப்பது முறை இப்படியும் அப்படியும் இழுத்தார். வெளியே வந்த நரம்பு ஓரிடத்தில் வெளுத்துப்போய், நகத்தால் தடவினால் சொரசொரக்கும் அளவுக்குச் செதில் எழும்பியிருந்தது. அடுத்து, எனக்கென்று எடுத்துவைத்த சரத்தின் மணியிலும் அதே போல இழுத்துக் காட்டினார். நரம்பு போனபடியே வந்தது.

அதற்கு முந்தைய ஓராண்டில் அறுந்து என்னிடம் திரும்பி வந்த மாலைகள் ஒவ்வொன்றுக்கும் நான் வயரைத்தான் குறை சொல்லியிருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் கையிருப்பில் இருந்த மணிகளை எல்லாம் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, துளையின் வாயைச் சுண்டுவிரல் நுனியால் தடவித் தடவிப் பிரித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை.

வாங்குவதில் இவ்வளவு தொல்லை என்றால் நாமே செய்து பார்க்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. உருகிய கண்ணாடியை மணியாகச் சுற்றுவதற்கான கம்பிகளை வெல்டிங் பட்டறையிலிருந்து வாங்கினேன். டிக் வெல்டிங்குக்குப் பயன்படும் 1.6 மி.மீ, 2.4 மி.மீ எவர்சில்வர் கம்பிகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. கண்ணாடிக்கு உடைந்த வளையல்களும் ஒரு கோலி சோடா பாட்டிலின் துண்டுகளும் இருந்தன. சுடரில் காட்டியதும் கண்ணாடியிலுள்ள சோடியம் மஞ்சளாகக் கொழுந்துவிட்டு, கம்பியின் நுனியில் என்ன நடக்கிறதென்றே தெரியாதபடி கண்ணை மறைத்துவிடும்; டிடிமியம் என்னும் அருமண் கலவை சேர்த்து வார்க்கப்பட்ட மூக்குக்கண்ணாடியை அணிந்தால் அந்த மஞ்சள் மட்டும் விலகி, உருகிய கண்ணாடி தேன் போல இறங்குவது தெளிவாகத் தெரியும். அதை வாங்கும்வரை நான் செய்தவை எல்லாம் குருட்டு வேலைதான்.

பச்சை வளையலின் மேல் சிவப்பு வளையலால் புள்ளி வைத்து நான் செய்த முதல் நல்ல மணி, அன்று இரவே மேசைமேல் ‘டிக்’ என்ற ஒலியோடு இரண்டானது. இரண்டு கண்ணாடிகள் சூட்டில் ஒரே அளவில் விரிந்து, ஆறும்போது ஒரே அளவில் சுருங்காவிட்டால் இப்படித்தான் ஆகும். இதற்கென்றே விற்கும் இத்தாலியக் கண்ணாடிக் குச்சிகளில் 104 என்று போட்டிருப்பது அந்த விரிவின் கணக்கு. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியில் அது 33. எனக்கு இணையத்தில் விற்ற ஒருவர் இரண்டையும் ஒரே கட்டில் கலந்து அனுப்பிவிட்டு, “எல்லாம் கண்ணாடிதானே மேடம்” என்று பதில் எழுதினார். அந்தக் கட்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

துளைக்கு வருகிறேன். கம்பியின் மேல் கண்ணாடி நேரடியாகப் படிந்தால் கழற்றவே முடியாது என்பதால் முதலில் ஒரு மண்பூச்சுத் தர வேண்டும். காருகுறிச்சிப் பானை மண் அவ்வளவு பேர் பெற்றதாயிற்றே என்று அதையே கரைத்துப் பூசினேன். பானைக்கு ஆகும் மண் இதற்கு ஆகவில்லை. சுட்டதும் அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதால் ஏழு மணிகளைக் கம்பியோடு சேர்த்துத் தூக்கி எறிந்தேன். சீனக்களிமண்ணும் அலுமினாவும் கலந்த பூச்சுக்கு மாறிய பிறகு, மணியை நீரில் ஊறவைத்துக் குறடால் கம்பியை முறுக்கியதும் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே மிஞ்சும் வெள்ளைப் பொடியை வைரத்தூள் பதித்த அரத்தால் எடுக்க வேண்டும். அதை நீருக்குள் வைத்தே செய்யுங்கள். உலர்ந்த பொடி நுரையீரலுக்கு ஆகாது.

ஆனால் வாய் கூர்மையாவதற்குக் காரணம் மண்பூச்சு அன்று, சுற்றும் கை. கம்பியில் அகலமாகத் தொடங்கிவிட்டு, அதற்கு ஏற்ற அளவு கண்ணாடி சேர்க்காமல் நிறுத்திவிட்டால், இரு முனைகளும் கம்பியின்மேல் மெல்லிய செதிலாகப் படிந்துவிடும். அந்தச் செதில்தான் பிறகு கத்தியாகி நூலை அறுக்கும். குறுகலாகத் தொடங்கி, அகலத்தைவிட விட்டம் தெளிவாகக் கூடும்வரை கண்ணாடியைச் சேர்த்துக்கொண்டே போய், கம்பியை நிறுத்தாமல் உருட்டினால், உருகிய கண்ணாடி தானாகவே உருண்டைக்கு இழுத்துக்கொண்டு, வாய் உள்நோக்கி மடங்கிக் கொப்பூழ் போலக் குழியும். எனக்கு இது கைவர நான்கு மாதங்கள் ஆயின. இங்கே எழுதுகிறவர்களுக்கு நேர்ந்ததையும் அறிய விரும்புகிறேன்.

மேலப்பாளையம் மருமகள்

அக்கா எழுதியதைப் படித்ததும் என் கருகமணி அறுந்த விடியற்காலை நினைவுக்கு வந்துவிட்டது. நிக்காஹ் முடிந்து மூன்றாம் மாதம், ரமலானில், சஹருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கழுத்திலிருந்த சரம் அறுந்து, கறுப்புப் பாசிகள் அடுப்படி முழுவதும் சிதறின. நிக்காஹ்வில் தாலியாகக் கட்டும் கருகமணி என்றால் எங்களுக்கு என்ன என்பதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. நான் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். விடிந்ததும் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, “இது அறுந்தா ஆகாதே” என்று ஒரு வார்த்தை வேறு சொல்லிவிட்டுப் போனார். என் மாமி முறத்தில் பாசிகளைக் கூட்டி அள்ளிக்கொண்டே, “அறுந்தது நூலு, அறுத்தது மணி. இதுல ஆகாததுக்கு என்ன கெடக்கு?” என்றார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் அந்தச் சரத்தைத் திரும்பக் கோத்ததை முழுவதும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெரிய மணிகளைப் போல இந்தச் சிறு பாசிகள் கம்பியில் சுற்றப்படுவதில்லை. கண்ணாடியைக் குழாயாக இழுத்து, பிறகு துண்டு துண்டாக நறுக்குகிறார்கள். நறுக்கிய வாயை மறுபடி சூடுகாட்டி மழுக்க வேண்டும். அதில் அவசரப்பட்ட பாசி, வெட்டிய தகரம் போலவே இருக்கும். மாமிக்கு இந்த விவரங்கள் தெரியாது. ஆனால் ஒரு பழைய பட்டுத் துணியின் நுனியைத் திரித்துப் பாசியின் வாயில் தேய்ப்பார். இழை மாட்டினால் அந்தப் பாசியை ஒதுக்கிவிடுவார். அன்று ஒதுக்கியவை ஒரு கைப்பிடி இருக்கும். நூலை இரட்டையாக்கித் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்தார். பத்துப் பாசிக்கு ஒரு பொன்குண்டு இருந்த இடத்தில் ஐந்துக்கு ஒன்று வைத்தார். ஒவ்வொரு குண்டுக்கும் இருபுறமும் முடிச்சுப் போட்டார். “இனி அறுந்தாலும் அஞ்சுதான் விழும்” என்றார். அந்தச் சரம் இன்றும் என் கழுத்தில் இருக்கிறது.

இப்போது நானே ஆர்டருக்குக் கோத்துக் கொடுக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அளவு எண்ணில் ஏமாந்துவிட வேண்டாம்: பாசிகளில் எண் கூடக் கூட உருவம் சிறுக்கும். 11ஆம் எண் பாசி ஏறத்தாழ 2 மி.மீ, 8ஆம் எண் அதைவிடப் பெரியது, 15ஆம் எண் மிகச் சிறியது. செக் நாட்டுப் பாசிகளை விட ஜப்பானியப் பாசிகளின் துளை பெரிது, அளவும் சீரானது. ஆனால் விலையைக் கேட்டால் மாமி என்னைத்தான் பார்ப்பார்.

ஏரல்காரன்

நான் மணி செய்பவனும் அல்லன், கோப்பவனும் அல்லன். பணி ஓய்வுக்குப் பிறகு வேடிக்கை பார்ப்பவன். 2021இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் கொற்கையில் அகழாய்வு செய்தபோது, ஏரலிலிருந்து பக்கம்தானே என்று அடிக்கடி போய் நின்றேன். 1968-69இல் அங்கே முதல்முறை தோண்டியபோது எங்கள் அப்பா மாட்டுவண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஓட்டாஞ்சில்லுக்கு இவ்வளவு பேரா?” என்று சொன்னது ஞாபகம் இருந்தது. கொற்கை என்றாலே முத்து என்று படித்து வளர்ந்தவன் நான். அங்கே பணியில் இருந்த ஒரு இளைஞர், மிளகை விடச் சிறிய ஒரு கண்ணாடிப் பாசியை உள்ளங்கையில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியையும் என்னிடம் தந்து, “உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ்கள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று பாருங்கள் ஐயா” என்றார். குமிழ்கள் துளையின் போக்கிலேயே, நெல்மணி போல நீண்டு கிடந்தன. அப்படி இருந்தால் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றி வளைந்து ஓடினால் கம்பியில் சுற்றிய மணி என்று விளக்கினார். அரிக்கமேட்டில் ஏராளமாகக் கிடைத்தவையும் இந்த இழுத்த வகைதான் என்றும், இந்தியப் பெருங்கடல் ஓரத்து நாடுகள் பலவற்றில் இவை கிடைப்பதால் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார் என்றும் சொன்னார்.

அது மனத்தில் கிடந்ததால், மறு ஆண்டு திருப்பதிக்குப் போனபோது, காளஹஸ்திக்குப் போகும் வழியில் உள்ள பாப்பாநாயுடுபேட்டைக்கும் வீட்டாரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அந்தப் பழைய முறையில் இழுப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். லாடா என்னும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, உள்ளே ஒரு கம்பியைச் செலுத்திப் பொள்ளலாக்கி, உலைக்குள் வைத்துவிடுகிறார்கள். உலையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் அந்தக் கூம்பின் நுனியை ஒரு கொக்கியால் பிடித்து வெளியே இழுக்கத் தொடங்கினால், கூம்பு தீரும்வரை கை ஓய்வதில்லை. கை விரைந்தால் குழாய் மெலியும், தயங்கினால் தடிக்கும். அவர் அளவுகோல் எதையும் பார்க்கவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரைக்கூட உறவினர் ஒருவர்தான் அவர் வாயில் ஊற்றினார்.

பிறகு நறுக்கிய துண்டுகளைச் சாம்பலோடு பிசைந்து மறுபடி சூடுகாட்டுகிறார்கள். சாம்பல் எதற்கு என்று கேட்டேன். துளைக்குள் சாம்பல் அடைத்துக்கொள்வதால், விளிம்பு உருகி மழுங்கும்போது துளை மூடிக்கொள்ளாது என்றார்கள். மேலப்பாளையத்து மருமகள் எழுதிய “மழுக்கும் வேலை” இதுதான். ஒன்று சொல்லிவிடுகிறேன்: மழை பெய்தால் கொற்கையிலும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலும் பாசிகள் மேலே வரும் என்று கேள்விப்பட்டுப் பொறுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து போக வேண்டாம். கிடந்த இடத்தை விட்டு எடுத்த பாசி, வெறும் பாசி.

அம்பைக்காரி

எனக்குத் துளையில் குறை வரவில்லை, மின்சாரத்தில் வந்தது. செய்த மணிகள் விரிசல் விடாதிருக்க, அவற்றைச் சிறிய மின்சூளையில் 510 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருந்து, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனித் திருவிழாவுக்கென்று செய்த நாற்பது மணிகள் உள்ளே இருக்கும்போது மின்சாரம் போனது. பதற்றத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். திறக்காமல் இருந்திருந்தால் சூளையின் சூடே பாதியையாவது காப்பாற்றியிருக்கும். ஒன்பது மிஞ்சின. அதிலிருந்து சூளையின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டி வைத்திருக்கிறேன். முடிச்சை அவிழ்க்கும் நேரத்தில் புத்தி வந்துவிடும்.

பாளைப்பாசி

ஏரல்கார ஐயா எழுதியதைப் படித்துவிட்டு, நேற்று இரவு பெட்டியைத் திறந்து என்னிடம் உள்ள ஒரு சரத்தை எடுத்தேன். செங்கல் நிறத்தில் பதினெட்டுப் பாசிகள். கொற்கைப் பக்கம் உழவில் கிடைத்தவை, ஆயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லி ஒருவர் 2,500 ரூபாய்க்குத் தந்தவை. அப்படி வாங்கியதே தவறு என்பது இப்போது தெரிகிறது, அது வேறு. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, சிவப்பு ஒளிபுகாததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. மேசை விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். மேற்பரப்பிலிருந்த மெல்லிய வரிகள் எல்லாம், திருகில் ஓடும் மரை போல, துளையைச் சுற்றியே ஓடின. ஒரு பாசியை மட்டும் அவிழ்த்து, ஊசி முனையால் துளையின் உட்புறத்தைச் சுரண்டினேன். கறுப்பு மேசையில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. சீனக்களிமண். என் பட்டறையில் நாள்தோறும் கழுவி ஊற்றுகிற அதே பொடி.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கம்பியில் சுற்றியதை நான் ஆயிரம் ஆண்டு என்று நினைத்து அணிந்திருக்கிறேன். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்தப் பதினெட்டுப் பாசிகளின் முப்பத்தாறு வாய்களையும் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றுகூட உறுத்தவில்லை. இவற்றைச் செய்தவர் யாரென்று அந்த விற்பனையாளரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.