சிகாகோ பசங்களும் துப்பாக்கியும்

கேள்வி: சிகாகோல தெற்கு, மேற்குப் பக்கம் மட்டும் ஏன் இவ்ளோ துப்பாக்கிச் சூடு? 2021ல ஊர் முழுக்க கிட்டத்தட்ட 800 கொலையாம், அங்க வளர்ற பசங்க எப்படிதான் படிக்கிறாங்க?

பதில் 1: படிப்பு அடி வாங்குதுங்க. பேட்ரிக் ஷார்க்கினு ஒரு சமூகவியல்காரர் 2010ல ஆய்வு பண்ணாரு, பக்கத்துல கொலை நடந்து ஒரு வாரத்துக்குள்ள டெஸ்ட் எழுதுன கறுப்பினக் குழந்தைங்களுக்கு மார்க் குறையுது, நேர்ல பாத்திருக்கணும்னு கூட இல்ல.

பதில் 2: எல்லாம் வளர்ப்புதான் காரணம்.

பதில் 3: ஈஸியா சொல்லிட்டீங்க ப்ரோ. தெற்குப் பக்கம் இருந்த ஸ்டீல் ஆலையெல்லாம் மூடி வேலை போச்சு, 2013ல சுமார் 50 ஸ்கூல வேற மூடுனாங்க, பெரும்பாலும் இந்த ஏரியாலதான். அதே வருஷம் ஜனவரில ஒபாமா பதவியேற்பு நிகழ்ச்சில கலந்துகிட்ட 15 வயசுப் பொண்ணு, ஊருக்கு வந்து ஒரு வாரத்துல பார்க்ல மழைக்கு ஒதுங்கி நின்னப்ப ஆள் மாத்தி சுட்டுட்டாங்க. அதுல வளர்ப்பு எங்க வந்துச்சு? அவ நினைவா ஃபிரண்ட்ஸ் ஆரஞ்சு கலர் டிரெஸ் போட்டாங்க, வேட்டைக்காரங்க தங்களை யாரும் சுட்டுடக் கூடாதுன்னு போடுற கலர் அது.

பதில் 4: கேரி ஸ்லட்கின்னு ஒரு டாக்டர் இந்த வன்முறைய தொற்றுநோய் மாதிரி பாத்து 2000ல அங்கயே ஒரு திட்டம் ஆரம்பிச்சாரு, பழைய கேங் ஆளுங்களே போய்ப் பேசி பழிக்குப் பழிய தடுக்குறாங்க, ஆனா ஃபண்டு அப்பப்ப நின்னுடும்