டேங்க் ஏர் பைப்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பாலக்கோடு வாசி:
சித்தப்பா வீட்டு மொட்டைமாடி பிளாஸ்டிக் டேங்க். பல்லி விழுகிறதென்று மூடியைச் சுற்றி டியூப் கட்டி இறுக்கி, நிறைந்த தண்ணீர் வெளியே போகும் ஓவர்ஃப்ளோ வாயிலும் துணியைத் திணித்துவிட்டார்கள். கீழே குழாயைத் திறந்து கொஞ்ச நேரத்தில் மேலே ‘டொம்’ என்று சத்தம். ஓடிப் பார்த்தால் டேங்கின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கி நிற்கிறது. மூடியை நெம்பியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போய், ஒடுங்கிய இடம் படாரென்று வெளியே வந்தது. இன்னும் அந்தச் சத்தம் காதில் கேட்கிறது.

காரிமங்கலம்:
அதனால்தான் சொல்கிறேன், ஓவர்ஃப்ளோவை அடைக்காமல் இருந்தாலே போதும். காற்று போய்வரத் தனியாக ஏர் பைப் வைப்பது வீண் செலவு. எங்கள் வீட்டில் இல்லை, தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது.

கிருஷ்ணகிரி பழையபேட்டை:
காரிமங்கலம் நண்பரே, அப்படி இல்லை. ஓவர்ஃப்ளோ டேங்குக்கு மட்டும்தான் காற்று கொடுக்கும். கீழே இறங்கும் லைனுக்கு அது உதவாது. எங்கள் மாடியில் டேங்க் கழுவிய அன்று, டேங்கிலிருந்து லைன் இறங்கும் இடத்தில் உள்ள கேட் வால்வை மூடியிருந்தோம். கீழே யாரோ குழாயைத் திறக்க, மாடி பாத்ரூமில் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் கிடந்த ஹேண்ட் ஷவர் அந்தத் தண்ணீரைச் சளசளவென்று உறிஞ்சியது. என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தண்ணீர் சமையலறைக் குழாய்க்கும் போயிருக்கும்.

கேட் வால்வைத் தாண்டியதும் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு ஏர் பைப்பை மேலே ஏற்றுங்கள். அது டேங்கின் உச்சியைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேங்க் நிறையும்போது அதன் வழியே தண்ணீர் கொட்டும். முனையை எல்போ போட்டுக் கீழே பார்க்கத் திருப்பி, கொசு வலை கட்டுங்கள். டெங்கு பரப்பும் கொசு பெரும்பாலும் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மாடிக் குழாய் விக்கி விக்கி வருவதும் இதில் பெரும்பாலும் சரியாகும், லைனில் மாட்டிய காற்று மேலே போய்விடும்.

அரூர்:
எங்கள் தெருவில் ஒருவர் செப்டிக் டேங்க் ஏர் பைப்பை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டி மூடிவிட்டார். அப்புறம் மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழ்வீட்டு டிராப்பில் (தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவில்) ‘களக் களக்’. அதில் நிற்கிற தண்ணீர் போய்விட்டால் நாற்றம் நேராக வீட்டுக்குள்தான்.

பென்னாகரம்:
ஒகேனக்கல் குடிநீர் லைனில் மேட்டு இடங்களில், உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் கசிகிற தண்ணீருக்காக ஒருவர் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். காற்றும் தண்ணீரும் சீறி அவர் குடம் உருண்டோடியது. தயவுசெய்து யாரும் அதை உடைக்காதீர்கள். லைன் நின்றதும் காற்றை உள்ளே இழுப்பதும் அதே வால்வுதான். குழியில் சேறு நின்றால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.