‘ரெசிடென்ட் ஈவில்’ பிறக்கக் காரணமான ‘ஸ்வீட் ஹோம்’ ஏன் இன்னும் மறுவெளியீடு காணவில்லை?

கேள்வி: கதவுத்தாழ்

ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டுத் தொடரின் முதல் பாகத்தின் 2002ஆம் ஆண்டு மறுஆக்கத்தை, 2015இல் வந்த எச்டி பதிப்பில் அண்மையில் இரண்டாம் முறையாக விளையாடி முடித்தேன். அந்த மாளிகையில் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் திரை இருண்டு, கதவு மட்டும் தனியே தெரிந்து, மெல்லத் திறந்து நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும். வட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றும் நேரத்தை மறைப்பதற்கான தந்திரம் அது என்று மட்டுமே பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். ரெசிடென்ட் ஈவிலைச் செய்த கேப்காம் நிறுவனமே 1989 டிசம்பரில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வெளியிட்ட ஸ்வீட் ஹோம் என்ற விளையாட்டிலும் கதவு திறக்கும் காட்சி உண்டு என்று பிறகு அறிந்தேன். கார்ட்ரிட்ஜில் (கருவியில் செருகும் சிப் பெட்டி) ஏற்ற நேரம் என்று எதுவும் இல்லை. அங்கே அந்தக் கதவு நம்மைப் பயமுறுத்துவதற்காகவே திறக்கிறது.

ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் துணையோடு அதை விளையாடிப் பார்த்தேன். இறந்துபோன ஓவியர் ஒருவரின் சுவரோவியங்களைப் படம்பிடிக்க ஐந்து பேர் பாழடைந்த மாளிகைக்குள் நுழைகிறார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் சாவி, ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் தூசி உறிஞ்சும் கருவி. ஒரு குழுவில் மூவருக்கு மேல் சேர முடியாது. ஆயுதத்தையும் தனக்கே உரிய கருவியையும் தவிர ஒருவர் இரண்டு பொருட்களுக்கு மேல் சுமக்கவும் முடியாது. இறந்தவர் இறந்தவர்தான். எத்தனை பேர் உயிரோடு வெளியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஐந்து விதமான முடிவுகள் இருக்கின்றன.

முதல் மூன்று ரெசிடென்ட் ஈவில் விளையாட்டுகளின் பழைய கணினிப் பதிப்புகள் 2024இல் ஜிஓஜி தளத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. அப்படியிருக்க, அவற்றுக்கெல்லாம் மூத்ததான இந்த விளையாட்டு மட்டும் ஏன் வரவில்லை? வந்தால், இருந்தபடியே வரவேண்டுமா, புதிதாகச் செய்யப்பட்டு வரவேண்டுமா?

மறுமொழி 1: பழந்திரை

தடை நிரலில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பதே என் கணிப்பு. ஸ்வீட் ஹோம் கேப்காமின் சொந்தக் கற்பனை அன்று. கியோஷி குரோசாவா இயக்கி, ஜூசோ இதாமி தயாரித்து, அதே 1989இல் திரைக்கு வந்த திரைப்படத்தின் விளையாட்டு வடிவம் அது. நிரல், வரைகலை, இசை ஆகியவை கேப்காமிடமே இருந்தாலும், தலைப்பும் கதையும் மாமியா சீமாட்டி என்ற பேயும் திரைப்படத்திலிருந்து வந்தவை. பிறருடைய படைப்பைத் தழுவி விளையாட்டு செய்ய வாங்கப்படும் உரிமம் பொதுவாக ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கும் காலத்துக்கும் மட்டுமே செல்லும். கார்ட்ரிட்ஜை மனத்தில் வைத்து எழுதப்பட்ட காகிதத்தில் இணையவழி விற்பனைக்கு இடமிருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே மறுவெளியீடு என்றால் புதிதாகப் பேசி, புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும்.

யாரிடம் வாங்குவது என்பதுதான் சிக்கல். படத்தின் வீடியோ பதிப்பைப் பற்றி இயக்குநருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இடையே எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. இதாமி 1997இல் காலமானார். படம் வீடியோ நாடாவில் வந்ததோடு சரி, டிவிடியாகக்கூட வரவில்லை. திரைப்படமே அந்த நிலையில் முடங்கிக் கிடக்கும்போது, அதன் நிழலாகிய விளையாட்டு தனியே எழுந்து நடமாடுவது எளிதன்று. (பெட்டிக்குள் பூட்டப்பட்ட பேய் என்று சொல்லலாம், கதைக்கும் அது பொருந்திவிடுகிறது.)

இத்தகைய முடிச்சு அவிழவே அவிழாது என்றும் சொல்லமாட்டேன். ரேர் நிறுவனம் 1997இல் நின்டெண்டோ 64க்குச் செய்த கோல்டன்ஐ 007 விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதே நிறுவனம் 2000இல் வெளியிட்ட பெர்ஃபெக்ட் டார்க்குக்கு அதுவே அடித்தளம். ரேரை 2002இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. விளையாட்டு வெளியானது நின்டெண்டோ கருவியில். ஜேம்ஸ் பாண்ட் உரிமையோ திரைப்படத் தரப்பிடம். மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் தலையசைக்க வேண்டியிருந்ததால், எக்ஸ்பாக்ஸ் 360க்காக ஏறத்தாழ முடிக்கப்பட்டிருந்த புதுப்பித்த பதிப்பு கைவிடப்பட்டு, 2021இல் இணையத்தில் கசிந்தது. கடைசியில் 2023 ஜனவரியில் ஸ்விட்சிலும் எக்ஸ்பாக்ஸிலும் அதிகாரப்பூர்வமாக வந்தது அந்தப் பளபளப்பான பதிப்பன்று, பழைய விளையாட்டேதான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனாலும் வந்து சேர்ந்தது. அங்கே பாண்ட் என்ற பெயருக்கு இருந்த விலைமதிப்பு மூன்று தரப்பையும் மேசைக்கு இழுத்து வந்தது. ஸ்வீட் ஹோமுக்கு அத்தகைய இழுவிசை இல்லை என்பதுதான் என் கவலை.

மறுமொழி 2: நிரல்தச்சன்

பழந்திரை அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மறுபக்கத்தைச் சொல்கிறேன். தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை ஃபேமிகாம் விளையாட்டு ஒன்றை இன்று ஓடவைப்பது மிக எளிய வேலை. அந்தக் கருவியின் ஒவ்வொரு நடத்தையும் ஆவணப்படுத்தப்பட்டுவிட்டது. மூலநிரல் தொலைந்துபோயிருந்தாலும் கார்ட்ரிட்ஜிலிருந்து எடுத்த கோப்பும் எமுலேட்டரும் (பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருள்) இருந்தால் போதும். உண்மையில் திண்டாடவைப்பவை 1990களின் பிற்பகுதியில் வந்த கணினி விளையாட்டுகள்.

சிஸ்டம் ஷாக் 2 அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. லுக்கிங் கிளாஸ், இர்ரேஷனல் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து செய்து 1999இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் மரபைத்தான் இர்ரேஷனல் 2007இல் பயோஷாக்காக மாற்றிப் பெரும்புகழ் பெற்றது. கைவிடப்பட்ட ஒலிப்பதிவுகள் வழியாகக் கதை சொல்வது, விற்பனை இயந்திரங்களை ஹேக் செய்வது, இறந்தவர்களின் கடைசிக் கணங்கள் ஆவியுருவாகத் தோன்றுவது என்று பயோஷாக்கில் நாம் வியந்த பலவும் முன்பே அங்கே இருந்தன. ஆனால் பயோஷாக் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மூத்ததை முறையாக வாங்க எந்த வழியும் இல்லை. லுக்கிங் கிளாஸ் 2000இல் மூடப்பட்டபோது அதன் சொத்துகளோடு இந்த விளையாட்டின் உரிமையும் ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. பெயரின் வணிகக்குறியோ எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தது. உரிமை இரண்டு கைகளில் பிரிந்து கிடந்தால், இரண்டுமே சும்மா இருப்பதுதான் வழக்கம்.

அந்நாட்களில் என்னிடம் பழைய வட்டு ஒன்று இருந்தது. பல கருக்கள் (கோர்) கொண்ட செயலியில் அதை இயக்கினால் சில நிமிடங்களில் உறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் விளையாட்டைத் தொடங்கி, திரையைச் சிறிதாக்கி, டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைத் தேடி, ஒரே ஒரு கருவில் மட்டும் ஓடும்படி அமைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போவேன். ஒருநாள் அதை மறந்து ஒரு மணிநேரம் விளையாடினேன். சேமிக்கப் போன நொடியில் எல்லாம் நின்றுபோயிற்று. 2012 செப்டம்பரில் பெயர் தெரியாத ஒருவர் ‘லெ கார்போ’ என்ற புனைபெயரில் ஒரு திருத்தக் கோப்பை வெளியிட்ட பிறகே அந்தச் சடங்கு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஸ்டீஃபன் கிக் என்ற கலைஞர், பயணத்தின்போது இந்த விளையாட்டை ஆட விரும்பி, எங்கும் வாங்கக் கிடைக்காததால் உரிமையாளரைத் தேடத் தொடங்கினார். காப்பீட்டு நிறுவனத்திடம் பேசி, உரிமம் பெற்று, நைட்டைவ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 2013 பிப்ரவரியில் ஜிஓஜி வழியாக அதை வெளிக்கொணர்ந்தார். அவ்வளவு காலம் அந்த வேலை நடக்காததற்குக் காரணம், யாரும் போய்க் கேட்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்வீட் ஹோமுக்கும் அப்படி ஒரு பிடிவாதக்காரர் தேவை. ஆனால் இங்கே தட்ட வேண்டியது உரிமையாளர் ஒருவருடைய வீட்டுக் கதவை மட்டுமன்று.

மறுமொழி 3: மூன்றாம் சேமிப்பு

மன்னிக்கவும், கேள்வியே தேவையற்றது என்று நினைக்கிறேன். ரெசிடென்ட் ஈவில் ஸ்வீட் ஹோமின் மறுஆக்கமாகத்தான் தொடங்கப்பட்டது. மூத்ததை இயக்கிய டோகுரோ ஃபுஜிவாரா இளையதன் தயாரிப்பாளர். அங்கே செய்ய இயலாமற் போனதை இங்கே செய்து பார்ப்பதே நோக்கம் என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஷின்ஜி மிகாமி அதை இயக்கி 1996 மார்ச்சில் பிளேஸ்டேஷனில் வெளியிட்டார். அப்படியானால் மறுவெளியீடு 1996லேயே நடந்து முடிந்துவிட்டது. பழையது அருங்காட்சியகப் பொருள்.

மறுமொழி 4: நீலமை

மூன்றாம் சேமிப்பு அவர்களோடு உடன்பட இயலவில்லை. மாளிகை, பொருள் வைக்கக் குறைவான பைகள், சுவரிலும் தாளிலும் எஞ்சிய குறிப்புகள் ஆகியவை ரெசிடென்ட் ஈவிலுக்குப் போயின, ஐவர் போகவில்லை. அங்கே நாம் ஆடும் இரு பாத்திரங்களில் கிறிஸ்ஸுக்கு ஆறு இடம், ஜில்லுக்கு எட்டு இடம் என்ற கணக்கு மட்டுமே மிஞ்சியது. 2002 மறுஆக்கத்தில் கிறிஸ்ஸிடம் லைட்டரும் ஜில்லிடம் பூட்டுத் திறக்கும் கருவியும் இருப்பது ஸ்வீட் ஹோமின் லைட்டர்காரரையும் சாவிக்காரியையும் நினைவூட்டுகிறது என்றாலும், அங்கே நாம் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றவருடைய கருவி நம் கவலை இல்லை. ஸ்வீட் ஹோமில் மருந்துப் பெட்டி வைத்திருப்பவர் ஒரு குழுவிலும், நஞ்சு ஏறியவர் மாளிகையின் வேறொரு மூலையில் இன்னொரு குழுவிலும் இருப்பார்கள். இடையே உள்ள அறைகளை ஒவ்வொன்றாகக் கடந்து அவரை அழைத்துவர வேண்டும். வழியில் பலகை உடைந்து ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தால் மற்றவர் போய்த் தூக்கிவிட வேண்டும். அந்தப் பதற்றத்தை கேப்காம் அதற்குப் பிறகு எங்கும் முழுமையாகத் திரும்பத் தரவில்லை. மறுஆக்கம் எவ்வளவு சிறந்ததாயினும் அது எதை விட்டுவிட்டது என்பதை அறிய, மூலம் கையில் இருந்தாக வேண்டும்.

கேட்டவரின் இரண்டாம் கேள்விக்கும் இதுவே என் விடை: இருந்தபடியே வரட்டும். டீமன்ஸ் சோல்ஸ் நடந்த விதத்தை நினைத்துப் பாருங்கள். ஃப்ரம்சாஃப்ட்வேர் 2009இல் செய்த அந்த விளையாட்டிலிருந்து 2011இல் டார்க் சோல்ஸ் கிளைத்தது. மூத்ததன் உரிமை சோனியிடம் இருந்ததால், 2020இல் அதைப் புதிதாகச் செய்தது புளூபாயின்ட் என்ற நிறுவனம். காட்சிகள் அழகு, வேகம் சீர், ஆறாவது உலகுக்கான உடைந்த வாயிற்கல்லை உடைந்தபடியே விட்டுவைத்த கட்டுப்பாடும் போற்றத்தக்கது. ஆனால் மூலத்தில் விகாரமாகப் புன்னகைத்துக்கொண்டே வந்த ‘பருத்த அதிகாரி’ என்ற எதிரியின் முகத்தில் புன்னகைக்குப் பதிலாகக் கட்டிகளை வைத்தார்கள். ஷுன்சுகே கிடாவின் சிறிய, வினோதமான இசையை மாபெரும் இசைக்குழுவைக் கொண்டு உப்பவைத்தார்கள். இவற்றை நான் பிழை என்று சொல்லவில்லை, வேறொருவருடைய ரசனை என்கிறேன். மூலத்தின் இணையச் சேவை 2018 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பிளேஸ்டேஷன் 3 கையில் இல்லாத ஒருவருக்கு இன்று டீமன்ஸ் சோல்ஸ் என்றால் அந்தக் கட்டி முகம்தான்.

கதவுத்தாழ் குறிப்பிட்ட எச்டி பதிப்பு இதைச் சற்று நேர்மையாகக் கையாண்டது. அகலத் திரையில் படம் மேலும் கீழும் நறுக்கப்பட்டு, நாம் நடக்க நடக்க மெல்ல நகரும். அது பிடிக்காதவர்கள் பழைய 4:3 அளவுக்கும் பழைய கட்டுப்பாட்டு முறைக்கும் அமைப்பிலேயே மாறிக்கொள்ளலாம். நான் மாறிக்கொண்டேன்.

மறுமொழி 5: மூன்றாம் சேமிப்பு

ஐவரைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். அருங்காட்சியகம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருந்தாலும், அடிக்கொருமுறை குறுக்கிடும் அந்தச் சண்டைத் திரைகளைக் குறைக்கும் வசதி ஒன்றையாவது சேர்க்கலாம் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுமொழி 6: கதவுத்தாழ்

அனைவருக்கும் நன்றி. மேலே சொன்னவற்றைப் படித்த பிறகு, கேப்காமை மட்டும் குறைசொல்வது பொருந்தாது என்று புரிகிறது. சண்டைத் திரைகளைக் குறைக்கும் வசதி அணைத்துவைக்கக்கூடியதாக இருந்தால் எனக்கும் மறுப்பில்லை.

நேற்று விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். தூசி உறிஞ்சும் கருவியோடு இருந்த அசுகா இறந்துவிட்டாள். ஓவியத்தின் மேலிருந்த தூசியைத் துடைக்க வழியின்றி நின்றபோது, வேறோர் அறையில் ஒரு துடைப்பம் கிடைத்தது. ஒருவர் இறந்தாலும் கதை நின்றுவிடக் கூடாது என்று 1989லேயே யாரோ யோசித்து அதை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் துடைப்பத்துக்கும் ஓர் இடம் வேண்டும். இரண்டு பைகளும் நிறைந்திருந்தன. எதைக் கீழே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.