0 வீத பலன்ஸ் ட்ரான்ஸ்பர் எடுத்து, கையிலுள்ள காசை நிலையான வைப்பில் போட்டால் மிஞ்சுமா?

வெள்ளவத்தை வாசி:
ஒரு வங்கி புதுக் கார்டுக்கு பலன்ஸ் ட்ரான்ஸ்பர் (வேறு கார்டில் நிற்கும் கடனை இந்தக் கார்டுக்கு மாற்றுவது) தருகிறது. 12 மாதத் தவணை, வட்டி 0, தொடக்கக் கட்டணம் 3 வீதம். என் பழைய கார்டில் 3 லட்சம் நிற்குது, அதைக் கட்டக் காசும் கையில இருக்கு. கடனைப் புதுக் கார்டுக்கு மாற்றிவிட்டு, காசை 8 வீதத்துக்கு ஒரு வருட நிலையான வைப்பில் போட்டால் 24,000 ரூபாய் வட்டி. கட்டணம் 9,000 போக 15,000 மிஞ்சும். தவணையைச் சம்பளத்தில் கட்டுவேன். லண்டனில இருக்கிற மச்சான் இப்படித்தான் செய்யிறார். கணக்கு சரியா?

கணக்குப்பிள்ளை:
கணக்குப் பிழை தம்பி. லண்டனில் பெரும்பாலும் மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையைக் கட்டினால் போதும், மிச்சக் கடன் சலுகைக்காலம் முடியும்வரை அப்படியே நிற்கும். உங்களுக்கு வந்திருப்பது சமதவணை. மாதம் 25,000 குறைந்துகொண்டே போகும். 12 மாதச் சராசரி எடுத்தால் வங்கியின் காசு உங்களிடம் நிற்பது 1,62,500 மட்டும். சம்பளத்தில் கட்டினாலும் இதே கதைதான், அந்த 25,000-உம் இல்லாவிட்டால் வைப்பில் போயிருக்கும் காசு.

1,62,500-க்கு 8 வீதம் 13,000. இலங்கையில் வட்டியில் 10 வீதத்தை வங்கி வரியாகப் பிடிக்கும் (2025 ஏப்ரலுக்கு முன் 5 வீதம்). கையில் 11,700, கட்டணம் போக 2,700. அதோடு அந்த 10 வீதம் முடிந்த வரி இல்லை. வட்டியும் வருமானத்தில் சேரும். நீங்கள் 24 வீத வரிப்படியில் இருந்தால் கடைசியில் மிஞ்சுவது 880 ரூபாய்.

சலுகையை எடைபோட ஒரு சூத்திரம்: கட்டண வீதத்தை 24-ஆல் பெருக்கி, மாத எண்ணிக்கையுடன் ஒன்று கூட்டி வருவதால் வகுங்கள். 3 வீதம், 12 மாதம் என்றால் 72-ஐ 13-ஆல் வகுக்க 5.5. அதுதான் உண்மையான வருட வட்டி. அதே 3 வீதம் 6 மாதத்துக்கு என்றால் 10.3. வரி போக வைப்பு தருவது இதைவிடக் கூட இருந்தால் மட்டும் தொடுங்கள். கட்டணமே இல்லாத சலுகை கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை, எடுக்கலாம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
முழுக்காசையும் ஒரு வருட வைப்பில் பூட்ட வேண்டாம். இடையில உடைச்சால் வட்டியைக் குறைச்சுத்தான் தருவினம். முதல் மூன்று தவணைக்கு 75,000 சேமிப்புக் கணக்கில, அடுத்த 75,000 மூன்று மாத வைப்பில, அதுக்கடுத்தது ஆறு மாதத்தில, கடைசி 75,000 ஆறு மாதம் போட்டு மூன்று மாதம் புதுப்பியுங்கோ. சேமிப்பில கிடக்கிற பங்குக்கு வட்டி குறைவு எண்டதால, மேலே சொன்ன 2,700-உம் இன்னும் சுருங்கும்.

வருட வருமானம் 18 லட்சத்துக்குள்ள எண்டால் வங்கியில சுயபிரகடனப் படிவம் குடுங்கோ, அந்த 10 வீதத்தைப் பிடிக்க மாட்டினம். மாணவருக்கும் வேலை இல்லாத ஆக்களுக்கும் இது உதவும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்ன வைப்புப் பங்கீடு சரி. கார்டுப் பக்கம் வழுக்கும் இடங்களையும் சொல்கிறேன்.

மாற்றல் நடக்கச் சில நாள் எடுக்கும். அதுவரை பழைய கார்டின் தவணைத் திகதி வந்தால் அங்கே கட்டியே ஆகவேண்டும். பழைய கார்டில் வட்டி ஓடிக்கொண்டிருந்தால், 3 லட்சம் மாறிய பிறகும் அடுத்த பில்லில் மீதி வட்டி ஒன்று வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

புதுக் கார்டில் பில் திகதி கழிந்த உடனே மாற்றச் சொல்லுங்கள். பில்லுக்கு இரண்டு நாள் முன் மாற்றினால் முதல் தவணை மூன்று வாரமளவில் வந்துவிடும், ஒரு மாத வட்டி போச்சு. 9,000 கட்டணம் பெரும்பாலும் முதல் பில்லில் ஒரே தொகையாக வரும், அதை முழுதாகக் கட்டுங்கள். கட்டாத பங்குக்குச் சாதாரண கார்டு வட்டி ஏறும். அந்தக் கார்டில் வேறு எதுவும் வாங்கவும் வேண்டாம்.

ஒரு தவணை தவறினால் திட்டம் ரத்தாகி, மிச்சம் முழுவதும் சாதாரண வட்டிக்குப் போவது வழக்கமான நிபந்தனை. 2,700 ரூபாய் இலாபத்துக்கு இது பெரிய பணயம். தன்னியக்கக் கட்டளை (தவணையை வங்கியே உரிய நாளில் கணக்கிலிருந்து எடுக்கும் ஏற்பாடு) போடாமல் இறங்க வேண்டாம்.

வெள்ளவத்தை வாசி:
விளங்குது. அப்ப கார்டில ஏ.ரி.எம்மில காசெடுத்து வைப்பில போட்டு, அந்த மீதியை மாற்றினால்?

கொட்டாஞ்சேனை அக்கா:
வேண்டாம் தம்பி. காசெடுத்த உடனே கட்டணம், அண்டைக்கே வட்டி. மாற்றல் முடியிறதுக்குள்ள இலாபம் கரைஞ்சிடும்.

இன்னொண்டு. அடுத்த ஒரு வருடத்தில வீட்டுக்கடன் கேட்கிற யோசனை இருந்தால் இதைத் தொடாதேங்கோ. இந்த மூன்று லட்சமும் கிரிப் (CRIB, கடன் தகவல் பணியகம்) அறிக்கையில கடனாத்தான் நிக்கும். மாதம் 25,000-ஐ உங்கட கட்டும் திறனில இருந்து கழிச்சுத்தான் பாப்பினம், வைப்பில காசு இருக்கெண்டு சொன்னாலும்.