ஜூரியில் உட்கார்ந்து வந்த என் மகள் தூங்குவதில்லை: ஆளின் சுபாவம் தீர்ப்பை மாற்றுமா?

குடியாத்தம் டீச்சர் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் குடியாத்தத்தில் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சட்டம் தெரியாது. ஒரு மாதமாக ஒரு விஷயம் மனதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். குடியுரிமை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் ஜூரிக்கு, அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் பன்னிரண்டு பேர் குழுவுக்கு, வரச் சொல்லிக் கடிதம் வந்தது. எப்படியும் கழித்து அனுப்பிவிடுவார்கள் என்று போனவளை எடுத்துக்கொண்டார்கள். வீடு புகுந்து திருடிய வழக்கு, ஐந்து நாள் நடந்தது. வழக்கு முடியும் வரை வீட்டில்கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டதால் எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாம் முடிந்து, இனி பேசலாம் என்று அனுப்பிய அன்று போன் செய்தாள். இங்கே விடியற்காலை நாலரை மணி.

"அம்மா, அந்த ஆள் பண்ணியிருக்க மாட்டான்னு எனக்குத் தோணிக்கிட்டே இருந்தது. ஆனா நானும் கையைத் தூக்கிட்டேன்" என்றாள்.

வழக்கு மொத்தமும் ஒரு பெண்மணியின் சாட்சியில் நிற்கிறது. எதிர்வீட்டு மாடி ஜன்னலிலிருந்து ராத்திரியில் பார்த்ததாகச் சொன்னவர். முதல் தடவை கை தூக்கியபோது ஒன்பது பேர் குற்றவாளி என்றார்கள், மூன்று பேர் இல்லை என்றார்கள். மூன்றில் ஒருத்தி என் மகள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் அந்தப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவரும் போனார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இவள் தனியாக இருந்திருக்கிறாள். ஜூரித் தலைவர் பெரிய குரல்காரர், கெட்டவர் இல்லை என்கிறாள். ஒரு அம்மா குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைக்க வேண்டும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "பதினோரு பேரும் என்னையே பார்த்தாங்கம்மா." கடைசியில் கோர்ட்டில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இது உங்கள் தீர்ப்பா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் சுபாவம் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வளையல் வாங்கப் போனாள். கடைக்காரர் ஐம்பது ரூபாய் குறைவாகச் சில்லறை கொடுத்தார். அங்கேயே எண்ணிப் பார்த்திருக்கிறாள், கேட்கவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் என்னிடம் சொன்னாள். அவளைப் பணிவாக வளர்த்தது நான். அதனால் இந்தக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

ஜூரியில் இருப்பவரின் சுபாவம் உண்மையிலேயே தீர்ப்பை மாற்றுமா? யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? இனி அவள் ஏதாவது செய்ய முடியுமா?

காட்பாடி உளவியல் ஆசிரியர்

டீச்சர், ஐம்பது அறுபது வருஷமாகவே ஆராய்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அதிகம் பார்க்கப்பட்ட குணம் ஒன்று உண்டு. கட்டுப்பாடு, தண்டனை, மேலே இருப்பவர் சொன்னால் கேட்டுக்கொள்வது, இவற்றைப் பெரிதாக நினைக்கும் மனம். இப்படிப்பட்டவர்கள் பொதுவாகக் குற்றவாளி என்ற பக்கம் சாய்கிறார்கள். ஆனால் கூண்டில் நிற்பவர் போலீஸ்காரராகவோ, மேலதிகாரி சொல்லிச் செய்தவராகவோ இருந்தால் அதே ஆட்கள் விடுதலைப் பக்கம் சாய்கிறார்கள். அதாவது இது வெறும் கோபம் இல்லை, அதிகாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கும் மனம். இன்னொன்று, வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதை அப்படியே நம்புகிற மனம். அடிபட்டவரிடமே ஏதோ தப்பு இருந்திருக்கும் என்று தேட ஆரம்பித்துவிடும். மெல்வின் லெர்னர் என்பவர் இதை நிறைய ஆராய்ந்தார்.

1983-ல் காசின், ரைட்ஸ்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஜூரர்களின் சாய்வை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, சாய்வை அவர்கள் இரண்டாகப் பிரித்த விதம். போலீஸ் ஒருவனைப் பிடித்தாலே அவன் செய்திருப்பான் என்று எவ்வளவு சுலபமாக நம்புகிறீர்கள் என்பது ஒன்று. தண்டிக்க எவ்வளவு உறுதி வந்தால் உங்களுக்குப் போதும் என்பது இன்னொன்று. உங்கள் மகளுக்கு இரண்டாவது அளவுகோல் உயரமாக இருந்திருக்கிறது. அது குறை இல்லை, சட்டம் ஜூரரிடம் கேட்பதே அதுதான்.

ஆனால் இந்தக் குணங்களை வைத்துத் தீர்ப்பை முன்கூட்டிச் சொல்ல முடிவது கொஞ்சம்தான். சாட்சியம்தான் பெரிய பங்கு. ஹாரி கால்வன், ஹான்ஸ் சைசல் இருவரும் 3,576 ஜூரி வழக்குகளில் நீதிபதிகளிடம், நீங்களாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார்கள். முக்கால் பங்குக்கு மேல் ஜூரியும் நீதிபதியும் ஒரே பக்கம். சாட்சியம் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும் வழக்குகளில்தான் ஆளின் மனம் உள்ளே புகுந்துகொள்கிறது. ஒரே சாட்சி, ராத்திரி, மாடி ஜன்னல் என்றால் அது அந்த வகைதான்.

அப்புறம், முதல் ஓட்டில் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமே பெரும்பாலும் கடைசித் தீர்ப்பாகிறது. அதனால் சுபாவம் ஓட்டில் காட்டுவதை விடப் பேச்சில்தான் அதிகம் காட்டும் என்று நான் நினைக்கிறேன். கூச்சமில்லாதவர் முதலில் பேசுகிறார், தலைவராகிறார். 1961-ல் ஒரு ஆய்வில், மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்தவரே தலைவராகத் தேர்வாவது மற்ற இடங்களை விட அதிகம் என்று பார்த்தார்கள்.

சாலமன் ஆஷ் 1950களில் செய்த சோதனையை வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். கோடுகளில் எது நீளம் என்று ஒரு சின்னக் கேள்வி. சுற்றி இருப்பவர்கள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னால், கண்ணெதிரே தெரியும் கோட்டையே மாற்றிச் சொல்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குப் பதில்கள் அப்படித் தப்பாகின. ஆனால் துணைக்கு ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் போதும், அந்த இழுப்பு சட்டென்று குறைந்துவிடுகிறது. உங்கள் மகள் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தவரை நின்றாள். துணை போன பிறகுதான் விழுந்தாள். அதை வளர்ப்பு என்று உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், யாராக இருந்தாலும் அந்த நாற்காலி கனமானது.

பழைய பெஞ்ச் கிளார்க், சத்துவாச்சாரி

டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தவன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று சுற்றி, கடைசி வருஷங்கள் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில்.

நம்ம ஊரிலும் ஜூரி இருந்தது, அசெசர் என்றும் ஒன்று இருந்தது. அசெசர் கருத்து சொல்வார், ஜட்ஜ் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 1955-ல் அதை எடுத்தார்கள். ஜூரி 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போயிற்று. எல்லோரும் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கைச் சொல்வார்கள், பம்பாயில் 1959-ல் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி விடுவித்தது, ஹைகோர்ட் அதைத் தள்ளித் தண்டித்தது. நம் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதை விடக் கிட்டத்தில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு இருக்கிறது. 1944-ல் நடந்த கொலை. சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் சென்னையில் ஜூரி பெரும்பான்மையாகக் குற்றவாளி என்றது. அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல்தான் விடுதலை ஆனார்கள். ஊரே ஆராதித்த மனிதர் இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அந்த ஜூரி அறையில் யார் பெரிய குரல்காரர் என்று யாருக்குத் தெரியும்?

சுபாவம் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று சொல்கிறேன். சாட்சி முடிந்து கோர்ட் எழுந்ததும் நாங்கள் நாலு பேர் டீ குடிப்போம். நான், ஸ்டெனோ அம்மா, டவாலி, பக்கத்து கோர்ட் டைப்பிஸ்ட். இந்தக் கேஸ் என்ன ஆகும் என்று ஆளுக்கொன்று சொல்வோம். பல வருஷம் சொல்லியிருக்கிறோம். டைப்பிஸ்ட் வீட்டில் ஒருமுறை திருடு போயிருந்தது, அதிலிருந்து திருட்டு வழக்கு என்றால் அவருக்கு எல்லோரும் குற்றவாளிதான். டவாலி எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், அம்மா வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் போச்சு, பாவம் விட்டுடுவாங்க என்பார். ஸ்டெனோ அம்மா எதிலும் குறுக்கு விசாரணையைத்தான் பிடித்துக்கொள்வார், அவர் சொன்னதுதான் பெரும்பாலும் நடந்தது. நான் போலீஸ் சாட்சியைக் கொஞ்சம் அதிகமாக நம்பினேன் என்று இப்போது தெரிகிறது. ஒரே கூண்டு, ஒரே சாட்சி, நாலு தீர்ப்பு. எங்கள் கையில் யார் தலையும் இல்லாததால் டீயோடு போயிற்று.

ஜட்ஜும் மனுஷர்தான். ஆனால் அவர் காரணம் எழுத வேண்டும், ஜூரி எழுத வேண்டாம். ஒரு கொலைமுயற்சி வழக்கில் எதிரி குற்றவாளி என்று எங்கள் ஜட்ஜ் ஐயா முடிவெடுத்து, ஸ்டெனோ அம்மா எழுதிக்கொள்ளத் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே போனாராம். அடையாளம் காட்டிய சாட்சிக்கு வந்தபோது நிறுத்தினார். முந்தின பக்கத்தைப் படிக்கச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "இது நிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு, பத்தொன்பது பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் விடுதலை என்று புதிதாகச் சொன்னார். ஸ்டெனோ அம்மா எனக்குச் சொன்னது இது. மனசில் நின்றது காகிதத்தில் நிற்கவில்லை. உங்கள் மகள் அறையில் இருந்த பன்னிரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு பக்கம் காரணம் எழுதச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஜூரியை எடுத்தது நல்லது என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

ஆம்பூர்க்காரன், இப்போது கலிபோர்னியா

அண்ணா, உங்கள் ஐயா பக்கத்தைக் கிழித்தார் என்றால் அவர் அப்படிப்பட்டவர். கிழிக்காதவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால்? ஒற்றை ஆளின் சுபாவத்துக்கு எதிரே பேச அங்கே பதினோரு பேர் இல்லையே. ஜூரியின் பலம் அதுதான் என்று நான் நம்புகிறேன். இரண்டு தடவை கூப்பிட்டார்கள், ஒரு தடவை உட்கார்ந்தேன்.

டீச்சர் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டு பக்க வக்கீல்களும் கேள்வி கேட்டு, காரணம் சொல்லாமலே சிலரைக் கழிக்கலாம். சுபாவத்தை மோப்பம் பிடிக்கும் இடம் அது, அதற்கென்று ஆலோசகர்களே இருக்கிறார்கள். நிறத்தைப் பார்த்து மட்டும் கழிக்கக் கூடாது என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-லிருந்து எந்த மாநிலத்திலும் பெரிய குற்றத்துக்குத் தண்டிக்க எல்லோரும் ஒருமித்தாக வேண்டும். அதனால் உங்கள் மகளின் ஒற்றைக் கை உண்மையிலேயே கனமானதுதான். அவள் தூக்காமலே இருந்திருந்தால், முடிவு வராத ஜூரி என்று கலைத்திருப்பார்கள், வழக்கை மறுபடி நடத்துவதா என்று அரசுத் தரப்பு யோசித்திருக்கும்.

தீர்ப்பு வந்த பிறகு, அறைக்குள் என்னை நெருக்கினார்கள், மனசு மாறிவிட்டேன் என்று ஜூரர் சொன்னால் பொதுவாகக் கோர்ட் ஏற்காது. வெளியிலிருந்து யாராவது மிரட்டினார்கள், சாட்சியத்தில் இல்லாத செய்தியை யாரோ உள்ளே கொண்டுவந்தார்கள் என்றால் கேட்பார்கள். 2017-ல் கொலராடோ வழக்கு ஒன்றில் இன்னொரு வாசலும் திறந்தது. ஒரு ஜூரர் மெக்சிகோக்காரர்கள் இப்படித்தான் என்று பேசியே குற்றவாளி என்றார், அந்த மாதிரி இன வெறுப்புப் பேச்சு நடந்திருந்தால் அறைக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதை மட்டும் மகளிடம் கேளுங்கள் டீச்சர். யாராவது அந்த ஆளின் நிறத்தையோ ஊரையோ வைத்து ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், தாமதிக்க வேண்டாம்.

குடியாத்தம் டீச்சர்

மூவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை ஞாயிற்றுக்கிழமை போனில் அப்படியே படித்துக் காட்டினேன்.

தம்பி கேட்டதைக் கேட்டேன். நிறம், ஊர் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். மேஜையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தாள், ஒரு மாதத்தில் முதல் தடவை. தலைவர் தலைமாட்டில்தான் உட்கார்ந்தாராம். இவள் கதவோரம் கடைசி நாற்காலி.

பெஞ்ச் கிளார்க் ஐயா எழுதியதைப் படித்ததும் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், ஜூரர்களுக்குக் குறிப்பெழுத ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள் என்று. இரண்டாம் நாள் சாட்சி சொல்லும்போதே அதில் எழுதியிருக்கிறாள்: "தெருவிளக்கு ஜன்னலுக்கு எந்தப் பக்கம்? எத்தனை அடி?" கேள்வி இருந்தால் ஜட்ஜுக்குச் சீட்டு அனுப்பலாம், சாட்சி சொன்னதைத் திரும்பப் படிக்கச் சொல்லலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்களாம். மூன்று பேராக இருந்தபோதும் அதைக் கேட்கவில்லை, தனியாக இருந்த அந்த ஒரு மணி நேரமும் கேட்கவில்லை. நோட்டு அவள் மடியிலேயே இருந்திருக்கிறது. போகும்போது திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

"கேட்டிருந்தா அவங்க சொன்னதுதான் சரின்னுகூட ஆகியிருக்கலாம்மா. ஆனா கேட்டிருக்கணும்" என்றாள்.

ஐயா, ஒன்று மட்டும் உங்களைக் கேட்கச் சொன்னாள். அந்த ஜட்ஜ் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்ன பக்கத்தில் சாட்சி என்ன சொல்லியிருந்தார்? ஸ்டெனோ அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்குமா? முடிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.