பக்க எண் இல்லாத குறிப்பு குறிப்பா?

கோணமலைவாசி: நேற்று உப்புவெளியான் இங்கே போட்டதை வாசித்த பிறகு இரவுச் சாப்பாடே இறங்கவில்லை. "தத்துவம் வாசிக்கும்போது சொந்தச் சொல்லில் மட்டும் குறிப்பெடுங்கள். பக்க எண்ணெல்லாம் சோதனை எழுதும் பிள்ளைகளுக்கு" என்று உபதேசம். கீழே தன் கொப்பியிலிருந்து ஒரு வரி: "நீதி என்பது வலியவனின் நலன் - பிளேட்டோ." ஐயா, அது பிளேட்டோ உரையாடலாக எழுதிய 'குடியரசு' முதலாம் புத்தகத்தில் திராசிமாக்கஸ் என்ற பாத்திரம் சொல்வது. சாக்ரட்டீஸ் அதை மறுக்கிறார். அந்த வரியின் இட எண்ணை, 338சி என்று, அருகில் குறித்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது.

உப்புவெளியான்: புத்தகத்தை எழுதியது யார்? பிளேட்டோதானே? அப்போ அவர் சொன்னதுதான். நான் வாசிப்பது வாழ்வதற்கு, அடிக்குறிப்புப் போட அல்ல.

கோணமலைவாசி: சரி. சைவ சித்தாந்த நூலான சிவஞானசித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில், கடவுள் இல்லை என்னும் உலகாயதன் பேசுவதெல்லாம் அருணந்தி சிவாச்சாரியாரின் கொள்கையா? கோணேசர் கோயில் வாசலில் நின்று சொல்லிப் பாருங்கள். மறுக்கப் போகிறவர்களின் கட்சியை முதலில் முழுதாகச் சொல்வதுதான் அந்த நூலின் முறை. யார் பேச்சு என்று குறிக்காமல் எழுதினால், கொப்பியில் கடவுளே இல்லை என்ற சைவ நூல் ஒன்று கிடைக்கும்.

மூதூர்க்காரி: நான் தாளின் நடுவில் கோடு போட்டு, எதிராளி சொல்வதை இடப்பக்கமும் ஆசிரியரின் பதிலை வலப்பக்கமும் எழுதுவேன். அதுவும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு. மூடியதும் எழுத வரவில்லையென்றால் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசிப்பேன். பிறகு பக்க எண்ணும் போடுவேன். இதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

கோணமலைவாசி: பக்க எண் அல்ல தங்கச்சி, ஓர எண். பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 1578இல் ஸ்டெபானஸ் அச்சிட்ட பதிப்பின் எண்களைத்தான் நல்ல பிளேட்டோ மொழிபெயர்ப்புகள் ஓரத்தில் போடுகின்றன; 338சி அப்படி ஒன்று. அரிஸ்டாட்டிலுக்கு பெக்கர் பதிப்பின் எண். கான்ட்டின் முதலாம் விமர்சனமான 'தூய அறிவின் விமர்சனம்' நூலுக்கு 1781 பதிப்பு ஏ, 1787 பதிப்பு பி.

உப்புவெளியான்: பாருங்கள், இப்போது பக்க எண்ணும் பிழையாம்! தலைப்பில் பக்க எண் என்று போட்டவரே இவர்தான்.

வெந்நீர்க்கிணறு: கோணமலைவாசி அண்ணை, என்னிடம் இரவல் வாங்கிய 'குடியரசு' எங்கே? ஓரமெல்லாம் சிவப்புப் பேனையால் கிறுக்கியிருப்பீர்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

கோணமலைவாசி: பேனை அல்ல, பென்சில். உங்களுடையது ஓர எண் இல்லாத மலிவுப் பதிப்பு. எண் போட்டுத் தந்தது உபகாரம்.

வெந்நீர்க்கிணறு: தந்தீர்களா? அதைத்தானே கேட்கிறேன்.

நிலாவெளித் தாத்தா: சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞானபோதம் 12 சூத்திரம். எங்கள் அப்பருக்கு எல்லாம் மனப்பாடம், கொப்பியே வைத்ததில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேனை இல்லாமல் மூளை ஓடாது.

கோணமலைவாசி: கான்ட்டை மனப்பாடம் செய்யுங்கள் ஐயா, நானே வந்து மாலை போடுகிறேன்.

உப்புவெளியான்: உங்கள் பிளேட்டோவே 'ஃபீட்ரஸ்' உரையாடலில், எழுத்து மறதியைத்தான் தரும் என்கிறார். குறிப்பே வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர்!

கோணமலைவாசி: மறுபடியுமா! அதைச் சொல்வது எகிப்திய அரசன் தாமுஸ். அவன் சொன்னதாகக் கதை சொல்வது சாக்ரட்டீஸ். அதை எழுதியது பிளேட்டோ. 275ஏ. கொப்பியில் இதற்கும் "பிளேட்டோ" என்று ஒற்றைச் சொல்தான் போட்டிருப்பீர்கள்.

உப்புவெளியான்: எழுதியவர் அவர், சொன்னவர் அவர். ஒரு எழுத்தும் திருத்த மாட்டேன். கம்பஸில் படித்த திமிரை வேறெங்காவது காட்டுங்கள்.

கோணமலைவாசி: நான் கம்பஸ் வாசலையே மிதித்ததில்லை. 338சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

வெந்நீர்க்கிணறு: எடுத்துப் பார்க்கப் புத்தகம் உங்களிடமல்லவா இருக்கிறது?

கோணமலைவாசி: ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். முதலில் அவர் 338சிக்குப் பதில் சொல்லட்டும்.